சிப்ஸ் கணக்கில் விட்டுப்போன ஆள்

போன மாதம் குமரி மாவட்டம் குழித்துறையிலிருந்து ஒரு பெண் கணக்கு நோட்டோடு வந்தாள். வீட்டிலேயே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. "வியாபாரம் நல்லாத்தான் போகுது அக்கா, எனக்குத்தான் ஒண்ணும் சரியில்ல" என்றாள். நோட்டைப் புரட்டினேன். காய், எண்ணெய், கேஸ், கவர், களியக்காவிளைக்கு ஆட்டோ, எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. அவள் பெயரில் மட்டும் ஒரு வரியும் இல்லை. என் பழைய நோட்டை யாரோ ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. கோபம்தான் வந்தது.

லைசென்ஸ் எடுங்கள், பழைய எண்ணெயில் பொரிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன். வீட்டிலிருந்து சிப்ஸ் போட்டு விற்பவர்கள் கோட்டை விடும் மற்ற இடங்கள் இவை.

உங்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காதது

2016-ல் என் கணக்கு இது. ஒரு கிலோ சிப்ஸுக்குத் தோலோடு நாலு கிலோ காய், கிலோ 35 வீதம் 140 ரூபாய். எண்ணெய் 45. கேஸ், கவர், ஆட்டோ 25. ஆக 210. கேரளத்தில் பாறசாலைப் பக்கம் மூன்று கடைகளுக்கு 260-க்குக் கொடுத்தேன். கிலோவுக்கு 50 லாபம், தினம் பத்து கிலோ, 500 ரூபாய். அந்த ஐந்நூறைப் பார்த்துத்தான் முதலாளி ஆகிவிட்டதாக நினைத்தேன். காலை நாலு மணிக்குத் தோல் உரிக்க உட்கார்ந்தால் (ஏத்தங்காய்க் கறை விரலில் ஏறினால் லேசில் போகாது) கடைசிக் கவரை ஒட்டும்போது மதியம் இரண்டு. அதே வேலைக்கு வெளியாளை வைத்தால் அன்றைக்கே 500 கூலி. அப்படியென்றால் லாபம் எங்கே? நான் வாங்காத கூலியைத்தான் லாபம் என்று எழுதி வைத்திருந்தேன்.

இது பணத்தோடு நிற்பதில்லை. விலையில் ஆள்கூலிக்கு இடமே இல்லாததால் ஆர்டர் கூடக் கூட என் வேலைதான் கூடியது. வீட்டிலோ, கொழுந்தனார் வீட்டுப் பால்காய்ச்சுக்கு (புதுமனை புகுவிழா) மூன்று நாள் முன்னாலேயே போய் நிற்கச் சொன்னார்கள். "அவனுக்கு லீவு போட்டா சம்பளம் போகும், நீ சும்மாதானே இருக்க மக்கா" என்றார் மாமியார், என் கணவரைச் சொல்லி. எரிச்சலாக இருந்தது, ஆனால் என் நோட்டும் அதைத்தானே சொன்னது? போனேன். திரும்பி வந்தபோது ஒரு கடை வேறு ஆளிடம் சரக்கு எடுத்திருந்தது.

குடும்பமா தொழிலா என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய கேள்வியெல்லாம் இல்லை, கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைத்து விற்றுக்கொண்டிருந்தேன், அதுதான் பிரச்சினை.

அப்புறம் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்தேன். மாதம் 5-ம் தேதி அதிலிருந்து என் கணக்குக்குச் சம்பளம், முதலில் வெறும் 4,000. விலையை 310 ஆக்கினேன். மிஞ்சிய இரண்டு கடைகளும் முனகிக்கொண்டே வாங்கின. தோல் உரிக்க ஒரு சேச்சி வந்தார், நான் ஆறு மணி வரை தூங்கினேன். ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் பெயரில் தனியாக நடத்தும் தொழிலில் நீங்கள் எடுக்கும் சம்பளத்தை வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியாது. விலை போடும்போது அது செலவுதான். 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400-ஐத் தாண்டியபோது எனக்குத் தெரிந்த இரண்டு பேர் விலை ஏற்றத் தயங்கி, கூலியாளை நிறுத்திவிட்டு அந்த வேலையையும் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பழைய கதைதான்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன், உன் வேலைக்கு ஆள் வைத்தால் எவ்வளவு கொடுப்பாய்? "எழுநூறு." எழுது என்றேன். பென்சிலால் எழுதினாள். பேனாவைக் கொடுத்தேன்.

செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். பேச்சும் சாப்பாடும் பெரிதாக மாறாது, ஆனால் வரிக்கு அது வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். வரி உள்ள சரக்கைக் கேரளத்துக்கு விற்றால் தொகை எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். ஆட்டோவில் பத்து கிலோதானே என்று இருந்துவிடாதீர்கள்.

ஓணத்துக்குக் கடன் சரக்கு

ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாளான அத்தம் தொடங்கினால் போன் நிற்காது, எல்லாம் "திருவோணம் கழிஞ்ஞு தராம்" (திருவோணம் முடிந்ததும் தருகிறேன்) ரகம். ஒரு கடையில் என் பணம் கிறிஸ்துமஸ் வரை நின்றது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்துவிடுங்கள். 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி வாங்கியவர் 15 நாளில் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பில்லின் அடியில் இதை அச்சடித்திருக்கிறேன். சண்டை குறைந்திருக்கிறது.

அடுக்களை அடுப்பில் தொழில் வேலை

தனி அடுப்பு, தனி சிலிண்டர். வீட்டு சிலிண்டர் வீட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை போன்

எடுக்காதீர்கள். நான் இன்னும் சில நேரம் எடுக்கிறேன்.