தொட்டியில் ரோஜா வளர்க்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோஜாச் செடி வாங்கப் போகிறவரின் கண் முதலில் பூவின் மேல்தான் விழும். விற்பவரும் அதை அறிந்தே பூத்த செடிகளை முன்வரிசையில் அடுக்கியிருப்பார். அந்தப் பூ சில நாட்களில் உதிர்ந்துவிடும். அதன் பிறகு வாங்கியவரிடம் மிஞ்சுவது தண்டும் இலையும் வேரும்தான் என்பதால், தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவையும் அவையே. அடியிலிருந்து குறைந்தது மூன்று கிளைகளாவது வெவ்வேறு திசைகளில் கிளம்பியிருக்க வேண்டும். அவை பென்சில் பருமனுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. இலையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தூசி படிந்ததுபோல வெளிறிய புள்ளிகளும், காம்பின் கணுக்களில் மெல்லிய வலையும் தெரிந்தால் அந்தச் செடியில் சிலந்திப்பேன் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்றச் செடிகளுக்கும் பரவும். ஒற்றைக் கிளையின் உச்சியில் பெரிய பூவைத் தாங்கி நிற்கும் செடியைவிட, பூவே இல்லாமல் செந்தளிர்கள் விட்டு அடர்ந்து நிற்கும் செடி மேலானது. இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பூத்த செடியையே தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தாம் அதிகம்.

நிறத்தைப் பார்த்து வாங்கும் அவசரத்தில் வகையைக் கேட்க மறந்துவிடுவது அடுத்த தவறு. நீண்ட காம்பில் ஒற்றைப் பெரும்பூவாகப் பூக்கும் ஹைப்ரிட் டீ வகை பலரும் விரும்புவது; 1867இல் பிரான்சில் உருவான ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜாவையே அவ்வகையின் முதல் செடியாகப் பொதுவாகக் கொள்வார்கள். அழகில் அதற்கு ஈடில்லை என்றாலும், அது ஆழமான தொட்டியும் சீரான கவாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவதும்) நோய்க்கண்காணிப்பும் கேட்கும் செடி. கொத்துக் கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா வகை அவ்வளவு கறாரானது அல்ல. ஜெர்மனியின் கோர்டெஸ் பண்ணை 1958இல் வெளியிட்ட வெண்ணிற ‘ஐஸ்பெர்க்’ இன்றும் உலகெங்கும் வளர்க்கப்படுவதற்கு, அது சளைக்காமல் பூத்துக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு மினியேச்சர் வகை பொருந்தும். ஆனால் செடி சிறியது என்பதால் அதை அறைக்குள் மேசைமேல் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது, வெயில் தேவையில் அதற்கும் பெரிய ரோஜாவுக்கும் வேறுபாடு கிடையாது. கொடி ரோஜாவைத் தொட்டியில் வைப்பது அனுபவம் வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. முதல் செடியாக ஒரு புளோரிபண்டாவை வாங்கி, அதை ஓராண்டு நன்றாக வளர்த்த பிறகு ஹைப்ரிட் டீக்குப் போவதே நல்ல வரிசை என்பது என் கருத்து.

தொட்டியின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. மினியேச்சருக்கு 8 முதல் 10 அங்குலம், புளோரிபண்டாவுக்கு 12 முதல் 14 அங்குலம், ஹைப்ரிட் டீக்கு 15 அங்குலமும் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்ளலாம். அகலத்தைப் போலவே ஆழமும் முக்கியம். கரிய நிறப் பிளாஸ்டிக் தொட்டி கடும் வெயிலில் சூடேறி, ஓரத்து வேர்களை வாட்டிவிடும். மண்தொட்டி குளுமையாக இருக்கும், ஆனால் விரைவில் காய்ந்துவிடும். எந்தத் தொட்டியானாலும் அடியில் நல்ல துளைகள் இருக்க வேண்டும். நீர் வடிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அடியில் கூழாங்கற்களையோ ஓட்டுச் சில்லுகளையோ ஒரு தடித்த அடுக்காகப் பரப்புவது மிகப் பழைய பழக்கம். அது எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள கல்லடுக்குக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுதும் ஊறித் ததும்பிய பிறகே இறங்கும். எனவே எப்போதும் ஈரமாக நிற்கும் பகுதி தொட்டியின் அடியிலிருந்து மேலேறி வேருக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது, வேருக்கான இடமும் குறைகிறது. துளையின் மேல் ஒரு வலைத்துண்டையோ வளைந்த ஓட்டுத் துண்டையோ வைத்து மண் ஒழுகாமல் தடுத்தால் போதும்.

நீர் வடிவதைத் தீர்மானிப்பது மண்கலவைதான். நிலத்தில் வெட்டிய மண்ணை மட்டும் நிரப்பினால், சில வாரங்களில் அது தொட்டிக்குள் இறுகிக் கட்டியாகிவிடும். தோட்ட மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மண்ணை இளக்குவதற்காகப் பெருமணலோ பெர்லைட் என்ற எடை குறைந்த வெண்துகள்களோ கழுவிய தேங்காய் நார்த்தூளோ ஒரு பங்கு என்ற கலவை பெரும்பாலும் கைவிடாது. நார்த்தூளைக் கழுவாமல் போடக் கூடாது, அதில் உப்பு தங்கியிருக்கும். மக்காத சாணத்தைக் கலப்பதும் கூடாது. அது மண்ணுக்குள் மக்கும்போது வெளிவரும் வெப்பமும் அம்மோனியாவும் இளம் வேர்களைக் கருக்கிவிடும். ரோஜாவுக்குச் சற்றே அமிலத்தன்மை உள்ள மண், அதாவது கார அமில நிலை (pH) 6 முதல் 6.5 வரை உள்ள மண், மிகவும் பொருந்தும்.

செடி வீட்டுக்கு வந்த அன்றே நட்டு, நட்ட அன்றே உரமிட்டு, மறுநாள் வெட்டிவிடும் ஆர்வம் பல செடிகளின் முடிவாக அமைகிறது. புதிய வெயிலுக்கும் காற்றுக்கும் பழகச் செடியை முதலில் சில நாட்கள் மிதமான வெளிச்சத்தில் அப்படியே விட்டுவைக்கலாம். நடும்போது வேர்ப்பந்தை உதறிக் கலைத்துவிடாமல் இறக்க வேண்டும். களிமண் உருண்டையாக இறுகியிருந்தால் மட்டும் நீரில் ஊறவைத்து ஓரங்களை மெல்லத் தளர்த்தலாம். புது வேர் பிடிக்கும் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு, உரம் எதுவும் வேண்டியதில்லை. இந்த நாட்களில் பழைய இலைகள் சில மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதைக் கண்டு பதறி நீரையும் உரத்தையும் கூட்டுவதே செடிக்கு ஆபத்து.

ஒட்டுக்கட்டிய செடியானால் நடும்போதே ஒட்டுப் பகுதியை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். தண்டின் அடியில் முழங்கை போலப் புடைத்து, சில நேரம் பிளாஸ்டிக் நாடா சுற்றியபடியே இருக்கும் இடம் அது. அதற்குக் கீழே உள்ளது வலுவான வேருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காட்டு ரோஜா. மேலே உள்ளதுதான் நாம் விரும்பி வாங்கிய வகை. நாடா இன்னும் இறுக்கமாக இருந்தால், தண்டு பருக்கும்போது அது உள்ளே பதிந்து நெரிக்கும் என்பதால், செடி வேர்பிடித்த பின் அதைக் கவனமாக அறுத்து எடுத்துவிட வேண்டும். பனி உறையும் நாடுகளில் ஒட்டுப் பகுதியைக் குளிரிலிருந்து காக்க மண்ணுக்குள் புதைப்பார்கள். அந்த அறிவுரையைப் படித்துவிட்டு வெப்பமான இடங்களில் உள்ளவர்களும் புதைப்பது பொருந்தாது. உறைபனி இல்லாத இடங்களில் அது மண்மட்டத்துக்கு மேலே வெளியே தெரியும்படி இருப்பதே நல்லது.

இதைத் தெரிந்துவைத்திருப்பதன் பயன் சில மாதங்கள் கழித்துத் தெரியும். ஒட்டுக்குக் கீழிருந்து திடீரென ஒரு கிளை நிமிர்ந்து, மற்றக் கிளைகளை முந்திக்கொண்டு வேகமாக வளரத் தொடங்கும். அதன் பச்சை வெளிறியிருக்கும்; இலைகள் சிறுத்திருக்கும்; முள்ளின் அமைப்பும் வேறாக இருக்கும். ‘செடி நன்றாகத் தழைக்கிறது’ என்று மகிழ்ந்து அதை விட்டுவைத்தால், உணவு முழுவதையும் அதுவே இழுத்துக்கொண்டு நல்ல வகை மெலிந்து பட்டுப்போகும். வாங்கும்போது சிவப்பாகப் பூத்த செடி பிறகு வேறு நிறத்தில் சின்னஞ்சிறு பூக்களைப் பூக்கிறது என்று பலர் வியப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: சிவப்பு ரோஜா இறந்து, அடியில் இருந்த காட்டு ரோஜா மட்டும் உயிரோடு இருக்கிறது. ஓர் இலைக்காம்பில் ஏழு சிற்றிலைகள் இருந்தால் காட்டுக்கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்றொரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. நல்ல வகைகளிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு என்பதால் அதை மட்டும் நம்பி வெட்டிவிடக் கூடாது. கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒட்டுக்குக் கீழிருந்து என்று உறுதியானால், மண்மட்டத்தில் கத்தரிக்காமல், பிறக்கும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிட வேண்டும். கத்தரித்தால் அடியில் எஞ்சும் மொட்டுகள் மீண்டும் கிளம்பும்.

நீரைப் பொறுத்தவரை, நாள்தோறும் காலையில் ஒரு குவளை என்ற கணக்கே பிழையானது. மேல்மண் நனைந்து வேர்ப்பகுதி காய்ந்திருப்பதும், குளிர்ந்த நாட்களில் தொட்டி முழுதும் சேறாக நிற்பதும் இந்தக் கணக்கால் வருபவை. விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்ற வேண்டும். ஈரம் இருந்தால் அன்று ஊற்றவே கூடாது. கடும் கோடையில் இது நாளுக்கு இரு முறை ஆகலாம், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் தேவைப்படாமலும் போகலாம். அடியில் வைத்த தட்டில் நீர் தேங்கி நிற்க விடக் கூடாது. நீர் அதிகமானாலும் குறைந்தாலும் செடி ஒரே மாதிரி வாடிக் காட்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்: ஊறிய மண்ணில் காற்றின்றி வேர் அழுகுவதால், நீருக்கு நடுவிலும் செடியால் நீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. வாடியதைப் பார்த்தவுடன் குவளையை எடுக்காமல் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வெயிலில் சமரசத்துக்கு இடமில்லை. நேரடி வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். அது காலை வெயிலாக இருந்தால் இரவில் படிந்த ஈரம் இலையிலிருந்து விரைவில் உலர்ந்துவிடும். நிழலில் இருக்கும் ரோஜா உயிரோடு இருக்கும், நீண்டு மெலிந்து வளரும், பூக்காது. அதற்கு உரம் போட்டுப் பயனில்லை.

உரத்தில் காட்டும் தாராளம் தொட்டிச் செடிக்கு ஆகாது. நிலத்தில் கூடுதல் உப்பு கீழிறங்கிப் போய்விடும். தொட்டிக்குள் அது தங்கி, மண்ணின் மேலும் தொட்டியின் ஓரத்திலும் வெண்மையாகப் பூத்து நிற்கும், இலையின் விளிம்புகள் கருகும். அப்போது உரத்தை நிறுத்திவிட்டு, நல்ல நீரை நிறைய ஊற்றி வடியவிட்டு மண்ணை அலச வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்து, தண்டு மென்மையாகி, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு விருந்தாகும், பூ குறையும். காய்ந்த மண்ணில் உரமிடுவதும் கூடாது, முதலில் நீரூற்றிவிட்டுப் பிறகே இட வேண்டும். முட்டை ஓட்டையும் தேயிலைச் சக்கையையும் பழத்தோலையும் அப்படியே தொட்டியில் கொட்டுவதில் உடனடிப் பயன் ஏதுமில்லை. அவை மக்கினால்தான் சத்து, மக்கும் வரை எறும்பும் ஈயும்தான். இலை மஞ்சளானால் எந்த இலை என்று பார்க்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். உச்சித் தளிர்கள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு, அது பெரும்பாலும் மண்ணோ நீரோ காரத்தன்மை மிகுந்திருப்பதால் வருவது.

பூவைச் செடியிலேயே வாடி உதிரவிடுவது மற்றொரு பிழை. வாடிய பூ காயாக மாறத் தொடங்கினால் செடி தன் ஆற்றலை விதைக்குச் செலவிட்டு, அடுத்த மொட்டைத் தள்ளிப்போடும். பூவின் தலையை மட்டும் கிள்ளாமல், கீழே வந்து, ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் முழு இலைக்கு மேலே, இலைக்கணுவில் வெளிப்பக்கம் பார்த்த தளிர்மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் உயரத்தில் கூர்மையான கத்தரியால் வெட்ட வேண்டும். அங்கிருந்து புதிய கிளை வளர்ந்து பூக்க ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். இளஞ்செடியில் மட்டும் இன்னும் குறைவாகவே வெட்டுவது நல்லது, ஏனெனில் அதற்கு அப்போது தேவை இலை. வெட்டிய இடத்திலிருந்து தண்டு கீழ்நோக்கிக் கருகி வந்தால், உள்தண்டு வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ தெரியும் வரை கீழே வெட்டிவிட்டுக் கத்தரியைத் துடைத்துவைக்க வேண்டும்.

நோய் வந்ததும் கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளிப்பது வீண். கரும்புள்ளி நோயின் பூஞ்சை வித்துகள் முளைத்துத் தொற்ற இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். ஆகவே மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்துவதும், விழுந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும் பாதி மருத்துவம். இலைமேல் வெண்பொடி படிந்ததுபோலத் தெரியும் சாம்பல் நோய் ஈரமற்ற இலையிலும் பரவும். அதற்குக் காற்றோட்டம் வேண்டும், தொட்டிகளை நெருக்கி வைக்கக் கூடாது. சிலந்திப்பேனுக்குப் பூச்சிக்கொல்லிகள் பலவும் பயன்படா, ஏனெனில் அது பூச்சி இனமே அல்ல. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் நீரை விசையோடு அடித்துக் கழுவுவது, சில நாட்களுக்கு ஒருமுறை விடாமல் செய்தால், நன்றாகவே கட்டுப்படுத்தும். வேப்பெண்ணெய்க் கரைசலை உச்சி வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாகப் பூத்த செடி காரணமின்றிச் சோர்ந்ததுபோலத் தெரிந்தால், தொட்டிக்குள் வேர் சுற்றிச் சுற்றி மண்ணே இல்லாமல் நிறைந்திருக்கும். ஊற்றிய நீர் நிற்காமல் ஓரமாக ஓடி வடிவதே அதற்கு அடையாளம். கவாத்துச் செய்யும் பருவத்தில், வெயில் தாழ்ந்த வேளையில் செடியை வெளியே எடுத்து, வேர்ப்பந்தின் வெளிச்சுற்றை இரண்டு விரல் அளவுக்குச் சீவிவிட்டுப் புதிய கலவையில் நட்டால், அதே தொட்டியே மேலும் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.