பூஸ்ட் ஏறினால் பெட்ரோல் போதவில்லை

புதுப்பேட்டையில் வாங்கிய பழைய டர்போவை நானே காரில் மாட்டியிருந்தேன். ஐடிலில் பெட்ரோல் வாடை, ஈ.சி.ஆரில் அழுத்தி மிதித்தாலோ இன்ஜின் தட்டும் நாக்கிங் சத்தம். டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், 0.6 பார் இருந்தபோது வைட்பேண்ட் மீட்டர் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்று காட்டுவது) 13.8 காட்டியது. 11.5 பக்கம் இருக்க வேண்டிய இடம், அதாவது பெட்ரோல் போதவில்லை! உடனே காலை எடுத்தேன், பிஸ்டன் உருகிவிடலாம்.

பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்மேல் சந்தேகப்பட்டுக் கழற்றிச் சுத்தம் செய்ததில் ஒரு ஞாயிறு வீண். அப்புறம்தான் பிரஷர் கேஜை ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) மாட்டி, வைப்பர் பக்கம் டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். பூஸ்டோடு சேர்ந்து 3.6 பாருக்கு ஏற வேண்டிய பெட்ரோல் பிரஷர் 3-லேயே நின்றது. பூஸ்டுக்கு ஏற்ப அந்தப் பிரஷரை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ் சூட்டில் வெடிப்பு விட்டிருந்தது. பூஸ்ட் அதற்குத் தெரியவே இல்லை. ஐடிலில் பிரஷரைக் குறைக்க வேண்டிய வேக்குவமும் எட்டாததால் அங்கே பிரஷர் கூடுதல், அதனால்தான் அந்த வாடை.

புது ஹோஸ், இரண்டு கிளிப். இப்போது 11.6.