டெல்லியில் சீதாப்பழம் கேட்டால் பூசணி வரும்

டெல்லிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? சீதாப்பழம் வாங்க ஆசைப்பட்டு "பையா, சீதாபல் ஹை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மும்பை, புனே பக்கம் இருந்துவிட்டு வருபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள், ஏனென்றால் அங்கே சீதாபல் என்றால் சீதாப்பழமேதான். இங்கே அது பூசணி, அதாவது பறங்கிக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்று நம்மில் ஊருக்கொரு பெயரில் சொல்வோமே, அது. காய்கறி வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் கத்தியை எடுத்து ஒரு பெரிய கீற்றாக அறுத்துத் தராசில் போட்டுவிடுவார், அறுத்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. நமக்கு வேண்டியதன் பெயர் ஷரீஃபா. மழை ஓய்கிற சமயத்தில் வண்டிகளில் தலைகாட்டும், தீபாவளி வரை பார்க்கலாம். பூசணிக்குக் கத்தூ என்றும் பெயர் உண்டு, குழம்பக் கூடாது என்றால் அதையே சொல்லுங்கள். இரண்டுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், இதில் சீதை எங்கே வந்தாள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

கொய்யா இங்கே அம்ரூத். பாரசீகத்தில் அது பேரிக்காயின் பெயர், இங்கே பேரிக்காய்க்கு நாஷ்பாதி என்று வேறு பெயர் இருக்கிறது. குளிர்காலத்தில் அம்ரூத்தைக் கீறி, கறுப்பு உப்பு மசாலா தூவித் தருவார்கள், கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். சாத்துக்குடி என்றால் யாருக்கும் புரியாது, மோசம்பி என்று கேளுங்கள் (ஜூஸ் கடைகளில் பலர் மௌசமி என்பார்கள், அதுவும் இதுதான்). சப்போட்டா சீக்கூ, பப்பாளி பபீதா, நாவல் ஜாமுன். தர்பூஸ், கர்பூஜா இரண்டும் காதில் ஒன்றுபோல விழும்: முதலாவது தர்பூசணி, இரண்டாவது முலாம்பழம்.

அளவிலும் கொஞ்சம் கவனம். பாவ் என்றால் கால் கிலோ, டேட் ஒன்றரை, டாயி இரண்டரை, இந்தக் கடைசி இரண்டையும் முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள். வாழைப்பழம் டஜன் கணக்கில்தான். பூவன், ரஸ்தாளி என்றெல்லாம் பேர் சொல்லிக் கேட்கிற பழக்கத்தைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், இங்கே எல்லாம் கேலாதான்.

அப்புறம் பலா. பெயர் கட்ஹல், ஆனால் இந்த ஊரில் அது பெரும்பாலும் காய்கறி. பிஞ்சுக் காயைத்தான் விற்பார்கள், கேட்டால் கடைக்காரரே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பால் ஒட்டாமல் தோல் சீவித் துண்டு போட்டுத் தருவார், அந்த வேலையை வீட்டில் இழுத்துப்போட்டுக்கொள்ளாதீர்கள். பழுத்ததுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கோடையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மலையாளிகள் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள், அங்கே சக்கை என்று கேட்டாலே போதும். விலையைக் கேட்டு மயங்கி விழாதீர்கள்.