தொழில் பயிற்சிச் செலவைக் கழிக்க மறுத்துவிட்டார்களா? மீளாய்வு கேட்பது இப்படி

ஹட்டனில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். சலூன், தையல் கடை, ஸ்டூடியோ, கராஜ் என்று எல்லா விதமான ஆட்களும் வருவார்கள். பயிற்சிக் கட்டணத்தைச் செலவாகக் காட்டினோம், வரி மதிப்பீட்டாளர் வெட்டிவிட்டார் என்று கடிதத்தோடு வருபவர்களில் பலர், "போனால் போகட்டும், கட்டிவிடுவோம்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். உழைத்துச் சம்பாதித்த காசு, சட்டப்படி கழிக்கக்கூடிய செலவு, அதை ஏன் விட வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மாதச் சம்பளக்காரர் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. சம்பள வருமானத்திலிருந்து எந்தச் செலவையும் கழிக்க நம் இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. 2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை தொழிற்கல்விச் செலவுக்கும் சேர்த்து ஒரு செலவின நிவாரணம் இருந்தது. அது நின்றுபோய்விட்டது. அந்த ஞாபகத்தில் இப்போதைய ஆண்டுக்குக் கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள்.

சுயதொழில் செய்பவர்களின் கதை வேறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவைக் கழிக்க விடுகிறது. சொந்தச் செலவைக் கழிக்க முடியாது. பயிற்சிச் செலவு எந்தப் பக்கம் விழும் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. செய்கிற தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள பயிற்சி என்றால் கேட்கலாம். பட்டப்படிப்பு என்றால் சொந்தச் செலவு என்றே தள்ளிவிடுவார்கள், அதற்காக மல்லுக்கட்டுவது வீண்.

தலவாக்கலைப் பக்கம் பிரிட்ஜ் திருத்தும் ஒரு தம்பியின் கோப்பைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்கு 60,000 ரூபா கட்டியிருந்தார். "தனிப்பட்ட கல்விச் செலவு" என்று ஒரே வரியில் மறுப்பு வந்தது. அவர் கையில் இருந்தது சான்றிதழ் மட்டும். சான்றிதழ் நீங்கள் படித்ததைத்தான் காட்டும். அந்தப் படிப்பு உங்கள் வருமானத்துக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதை அது சொல்லாது. "இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் உங்களுக்கு என்ன வேலை கைவிட்டுப் போயிருக்கும்?" என்று கேட்டேன். புதிய பிரிட்ஜ்களில் ஆர்-600ஏ என்ற கேஸ் வருகிறது, அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும், பழைய மாதிரி நெருப்பு வைத்துக் குழாயை ஒட்டினால் ஆபத்து, நெருப்பில்லாமல் நசுக்கி இணைக்கும் முறையைத்தான் படித்தேன் என்றார். அவருடைய வாதம் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. புதுத் தொழில் கற்கப் போகவில்லை, ஏற்கனவே செய்கிற தொழிலைத் தொடர்ந்து செய்யப் போனார். பயிற்சிக்கு முந்தைய வேலை பில்கள், பிந்தைய பில்கள், வியாபாரப் பதிவு, பாடத்திட்டத்தின் போட்டோ கொப்பி, கட்டணப் பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று என்று எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கினோம். பிந்தைய பில்களில் ஆர்-600ஏ என்று எழுதியிருந்த இடங்களுக்கெல்லாம் பென்சிலால் கோடிட்டேன்.

கடிதத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள். நாங்கள் எழுதிய முக்கியமான பத்தி இது:

"நான் பயிற்சிக்கு முன்பிருந்தே குளிர்சாதனப் பெட்டி திருத்தும் தொழில் செய்து வருகிறேன். தற்போது திருத்தத்திற்கு வரும் பெட்டிகளில் தீப்பற்றக்கூடிய வாயு பயன்படுவதால், அவற்றைப் பாதுகாப்பாகத் திருத்த இப்பயிற்சி அவசியமாயிற்று. இது பட்டப்படிப்பு அல்ல. இணைப்பில் உள்ள பில்கள், இப்பயிற்சி எனது வியாபார வருமானத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதைக் காட்டுகின்றன. ஆகவே 60,000 ரூபாவைக் கழிவாக ஏற்று மதிப்பீட்டைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மேலே வரி செலுத்துநர் இலக்கம், மதிப்பீட்டு ஆண்டு, அறிவித்தலின் இலக்கம், திகதி. விலாசம் உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு. "139ஆம் பிரிவின் கீழ் நிர்வாக மீளாய்வுக் கோரிக்கை" என்று தலைப்பிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் சும்மா ஒரு முறைப்பாடாகக் கோப்பில் கிடந்துவிடும். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்த உரிமை அது. சிங்களம் வராது என்பதற்காக யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

காலக்கெடு, மதிப்பீட்டை அறிவித்ததிலிருந்து 30 நாள். நம் பக்கத்தில் பெரிய தலைவலியே இதுதான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கேயே கிடக்கும். கைக்கு வரும்போது பாதி நாள் போயிருக்கும். அதனால் கடித உறையை வீசாதீர்கள், தபால் முத்திரைத் திகதிதான் உங்கள் சாட்சி. சுகயீனம் போன்ற நியாயமான காரணம் இருந்தால் கால நீடிப்புக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் காரணத்தையும் எழுத்தில் காட்ட வேண்டும். முடிந்தவரை கடை விலாசத்தையோ டவுனில் இருக்கும் சொந்தக்காரர் விலாசத்தையோ பதிந்து வையுங்கள். கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். நீங்கள் ஏற்றுக்கொள்கிற வரியை அதற்கிடையில் கட்டிவிடுங்கள், வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், எவ்வளவுக்காக இந்தப் பாடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024/25இல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத தொகை, 12 இலட்சம். அதற்கு மேல் முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 12 வீதம். அந்தத் தம்பிக்குச் செலவு போக 20 இலட்சம் வருமானம் என்று வையுங்கள், 60,000 ரூபா 12 வீதப் படியில் விழும், வரியில் மிச்சமாவது 7,200 ரூபா. 2025 ஏப்ரலிலிருந்து நிவாரணம் 18 இலட்சமாகி, அடுத்த 10 இலட்சத்துக்கு 6 வீதம் என்று ஆகிவிட்டதால் அதே செலவுக்கு 3,600தான். மீளாய்வுக்கு இது போதுமான காரணம். ஒரு கடிதமும் கொஞ்சம் கொப்பியும்தானே. மீளாய்விலும் முடியாது என்றால், தீர்மானம் கிடைத்து 30 நாளுக்குள் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம், அதற்கும் மேலே சட்டக் கேள்வி இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம். சிறு தொகைக்கு நான் யாரையும் அங்கே அனுப்புவதில்லை. கொழும்புக்குப் போய்வரும் செலவும் மூடிவைத்த கடையின் நட்டமும் அந்தத் தொகையைத் தின்றுவிடும். பல வருடத்துக்குச் சேர்த்து வெட்டியிருந்தாலோ அபராதமும் போட்டிருந்தாலோ மட்டும் ஒரு வரி ஆலோசகரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்த பயிற்சிக்குப் பணம் கட்டும்போதே பற்றுச்சீட்டில் உங்கள் பெயரோடு கடையின் பெயரையும் போடச் சொல்லுங்கள். முடிந்தால் கடைக் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.