சக்கரை புண்ணுக்கு எந்தக் கட்டு போடணும்? வீட்டுல கட்டு மாத்துறவங்களுக்கு

எங்க பெரியப்பாவுக்கு மன்னார்குடி பக்கம் வயல். குறுவை நடவு சமயத்துல வெறுங்காலோட சேத்துல இறங்கினவருக்கு நத்தை ஓடு பாதத்தைக் கிழிச்சதே தெரியல, மூணு நாள் கழிச்சு பாய்ல கறையைப் பாத்துட்டு பெரியம்மா தான் காலைத் தூக்கிப் பாத்தாங்க. சக்கரை ரொம்ப நாளா இருந்தா பாதத்து நரம்பு மரத்துப்போயிரும், வலிக்காது, வலிக்கலைன்னா நாம பெருசா எடுத்துக்க மாட்டோம். அப்புறம் ஏழு மாசம் நான்தான் கட்டு மாத்தினேன், அதுல கத்துக்கிட்டதை அப்படியே சொல்றேன்.

முதல்ல டாக்டர். காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கா, சீழ் இருக்கா, எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு அவர் பாக்கணும், செத்த தோலையும் காய்ப்பையும் அவர்தான் வெட்டி எடுக்கணும். வீட்டுல பிளேடு வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது, கழுவுறது. கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு கிளவுஸ் போடுங்க. பழைய காஸ் (புண்ணு மேல வைக்கிற வலைத்துணி) ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, மெடிக்கல்ல கிடைக்கிற நார்மல் சலைனை (சுத்தமான உப்புக்கரைசல்) ஊத்தி ஊற விட்டா தானா வரும், இழுத்தா புதுசா வளந்த சதையும் சேந்து வந்துரும். அதே சலைன்லதான் புண்ணையும் கழுவணும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் ரெண்டுமே நல்ல சதையையும் சாகடிக்கும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீங்க, சுடுதண்ணில கால் வைக்கவே கூடாது, வெந்தாலும் அவங்களுக்குத் தெரியாது.

மூணாவதுதான் முக்கியம், புண்ணு எவ்வளவு ஈரமா இருக்குன்னு பாருங்க. புண்ணு காஞ்சாதான் ஆறும்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன், ஆனா 1962லயே ஜார்ஜ் விண்டர்ங்கிற ஆராய்ச்சியாளர் பன்றித்தோல்ல செஞ்சு பாத்து, ஈரம் போகாம மூடி வெச்ச புண்ணு காத்தாட விட்டதைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா தோல் மூடுதுன்னு காட்டிட்டார். நாத்தங்கால் மாதிரிதாங்க, காஞ்சாலும் போச்சு, தண்ணி தேங்கினாலும் அழுகிரும்.

புண்ணு வறண்டு இருந்தா ஹைட்ரோஜெல்ங்கிற ஜெல் கட்டு, அது ஈரம் கொடுக்கும். ஆனா விரல் கருத்து காஞ்சு போயிருந்தா அது ரத்தம் போகாததால வர்றது, அதை ஈரமாக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. லேசா கசிஞ்சா சலைன்ல நனைச்சுப் பிழிஞ்ச காஸ் போதும், புண்ணுக்குள்ள மட்டும் வைங்க, சுத்தியிருக்கிற நல்ல தோல்ல பட்டா வெளுத்து ஊறிப்போகும், தினமும் மாத்தணும், காய விட்டுறக் கூடாது. நடுத்தரமா கசிஞ்சா ஃபோம்ங்கிற ஸ்பாஞ்ச் மாதிரி கட்டு, ரெண்டு மூணு நாள் தாங்கும். ரொம்ப ஊத்தினா ஆல்ஜினேட், கடல்பாசில இருந்து செய்றது, நீரை உறிஞ்சி ஜெல் ஆயிரும், அதுக்கு மேல இன்னொரு கட்டு வேணும். ஹைட்ரோகொலாய்ட்னு இன்னொரு கட்டு இருக்கு, அது காத்து போகாம ஒட்டிக்கிறதால சீழ் பிடிச்ச புண்ணுக்கு ஆகாது. சில்வர், தேன் தடவின கட்டெல்லாம் சீக்கிரம் ஆறணும்னு மட்டும் நினைச்சுப் போடாதீங்கன்னு நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச குழுவோட 2023 வழிகாட்டுதலே சொல்லுது.

காசு இல்லையேன்னு யாரும் கலங்காதீங்க. விலை கூடின கட்டு எல்லாம் சாதா காஸைவிட நிச்சயமா மேல்னு ஆராய்ச்சிகள்ல தெளிவா வரல. சுத்தமா, தவறாம மாத்துறதுதான் பெருசு.

அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, அந்தக் கால்ல எடை விழக் கூடாது. எங்க பெரியப்பா கட்டைப் போட்டுக்கிட்டே மடை பாக்கப் போயிட்டு வந்துருவார், முதல் ரெண்டு மாசம் நான் என்ன கட்டினாலும் புண்ணு அப்படியே இருந்ததுக்கு அதுதான் காரணம். எடை தாங்குற மாவுக்கட்டோ விசேஷ செருப்போ எது உங்களுக்குன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, பாத்ரூம் போற நாலடிக்கும் அது வேணும்.

வாரம் ஒரு தடவை பக்கத்துல ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க. 4 வாரத்துல பாதியாவது சுருங்கலைன்னா அந்தப் போட்டோவோட டாக்டர்கிட்ட போய் வேற வழி கேளுங்க. சிவப்பு பரவுது, நாத்தம் அடிக்குது, காய்ச்சல், சக்கரை திடீர்னு ஏறுதுன்னா அன்னைக்கே போகணும், விடியட்டும்னு இருக்காதீங்க.

பெரியப்பாவுக்கு இப்ப புண்ணு மூடிருச்சு. பெரியம்மா தினம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் விரல் இடுக்கு வரைக்கும் பாத்துட்டுத்தான் படுக்கப் போறாங்க.