மண்டையோட்டு அந்துப்பூச்சி: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

முதுகில் மண்டையோடு மாதிரி மஞ்சள் குறி, கையளவு சிறகு, தொட்டால் ‘கீச்’சென்று ஒரு சத்தம். இப்படியொன்று விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் ஒட்டினால் உடனே துடைப்பத்தைத் தேடுவதுதான் கீழ்ப்பழனி மலை வீடுகளில் நடக்கிற முதல் தவறு. அது கடிக்காது, கொட்டாது. தொண்டைக்குள் இழுத்த காற்றை உறிஞ்சுகுழல் வழியாக வெளியே தள்ளுவதால் வருவதுதான் அந்தச் சத்தம். சகுனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தேன்பெட்டிக்காரர்களின் தவறு இதைவிடப் பெரியது. தேனடையில் நூல் படர்ந்து, சுரங்கம் ஓடியிருந்தால் இந்தப் பூச்சியைத் திட்டுகிறார்கள். அது மெழுகு அந்துப்பூச்சி என்ற வேறொரு பூச்சியின் புழு செய்த வேலை. அடிப்பலகைத் தூளைக் கூட்டுவதும், தேனீ மொய்க்காத பழைய கறுத்த அடையை எடுத்துவிடுவதும்தான் அதற்கு வழி. மண்டையோட்டுப் பூச்சியோ அடையைத் தின்னாது, அங்கே முட்டையும் இடாது. இரவில் நுழைந்து தேனை மட்டும் குடித்துவிட்டுப் போகும். அதன் உறிஞ்சுகுழல் குட்டை, ஆனால் தடித்தது. நீண்ட பூக்களின் அடிவரை எட்டாது, தேனறையின் மெழுகு மூடியைக் குத்தத் தோதானது. பெட்டி வாசலைத் தேனீ போய்வரும் அளவுக்குச் சிறிதாக்கினால் இந்தத் தடித்த உடம்பு உள்ளே போகாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மழையில் மரம் உப்பி மூடி இடுக்கு விடும்; வாசலைச் சிறிதாக்கியவர்கள் பலர் பூச்சி நுழையக்கூடிய அந்த இடுக்கைக் கவனிப்பதில்லை. பெட்டிக்குள் மருந்து அடிப்பதா? திருடன் வருவதற்குள் தேனீயை நாமே கொன்றதாகிவிடும்.

இதன் புழு வளர்வது தேன்பெட்டியில் அல்ல, அவரை, உருளைக்கிழங்கு, கத்தரி, உண்ணிச்செடி போன்றவற்றின் இலையில். விரலைவிடத் தடித்து, வாலில் வளைந்த கொம்போடு இருப்பதால் கொட்டும் என்று பயப்படுகிறார்கள். கொம்பில் விஷமில்லை, கையாலேயே எடுக்கலாம். முட்டை தனித்தனியாக இடப்படுவதால் ஒரு பந்தலில் இரண்டு மூன்று புழு இருந்தாலே அதிகம். பெரும்பாலும் இலையின் நிறத்திலேயே இருக்கும்; தரையில் பெரிய உருண்டை எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள். இந்த இரண்டு புழுவுக்காக அவரை பூத்திருக்கும் நேரத்தில் மருந்து அடித்தால், மறுநாள் காலை பூவுக்கு வரும் தேனீக்குத்தான் சாவு.