குன்னூர் ஈரத்தில் ஒரு டைகர் மாத்: இரட்டை இறக்கை மாடல் கட்டும் முறை

ஒன்றிரண்டு எளிய பிளாஸ்டிக் விமான மாடல் கிட் ஒட்டிப் பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் இரட்டை இறக்கை விமானத்துக்குத்தான். வாங்கியும் விடுவார்கள். பெட்டியைத் திறந்து, இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே நிற்கும் ஈர்க்குச்சி மாதிரியான தாங்குகால்களையும் குறிப்புத்தாளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிக் கோடுகளையும் பார்த்ததும் அப்படியே மூடி பீரோ மேல் வைத்துவிடுவார்கள். டைகர் மாத் என்ற பழைய பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தின் கிட் ஒன்று என்னிடமும் இரண்டு வருஷம் பீரோ மேல்தான் இருந்தது. இப்போது கட்டி முடித்தாயிற்று. எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் காத்திருந்திருக்க மாட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மேல் இறக்கை ஏறிவிட்டால் அதற்குக் கீழே தூரிகை நுழையாது, விரல் நுழையாது, உப்புத்தாளும் நுழையாது. கிட்டோடு வரும் குறிப்புத்தாள் பெரும்பாலும் ஒட்டுகிற வரிசையைத்தான் சொல்லும். எந்தக் கட்டத்தில் பெயின்ட் அடிப்பது, எப்போது கம்பிகளுக்குப் பதில் நூல் கட்டுவது என்பதை நாமே இடையில் செருகிக்கொள்ள வேண்டும். ஆகவே வெட்டத் தொடங்கும் முன் குறிப்புத்தாளை முழுசாக ஒரு முறை படித்துவிட்டு, பென்சிலால் உங்கள் வரிசையை அதன் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது

டைகர் மாத் 1/72, 1/48 (நிஜ விமானத்தின் 72-இல் ஒரு பங்கு, 48-இல் ஒரு பங்கு) இரண்டு அளவிலும் கிடைக்கிறது, ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் கிட் கம்பெனி இரண்டையும் போட்டிருக்கிறது. சின்னதுதான் சுலபம் என்று நினைத்து 1/72-ஐ எடுத்துவிடாதீர்கள். நிஜ விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 8.94 மீட்டர். 1/72-இல் அது 124 மில்லிமீட்டர், 1/48-இல் 186 மில்லிமீட்டர். நூல் கட்டும்போது அந்த ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று தெரியும். முதல் முறைக்கு 1/48 எடுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பாகங்களை வெட்ட ஒரு நல்ல நிப்பர், கூரான பிளேடு கத்தி, சாமணம், 600 முதல் 2000 எண் வரை நாலைந்து வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் தண்ணீர் போன்ற சிமென்ட், ஃபெவிக்விக், ஃபெவிகால். அப்புறம் கையால் திருகும் குட்டி டிரில் ஒன்று, அதற்கு 0.3 மில்லிமீட்டர் பிட் (இரண்டு மூன்றாகவே வாங்குங்கள், கட்டாயம் உடையும்). கம்பிக்கு மெல்லிய தூண்டில் நரம்பு. நிஜக் கம்பி 6 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 1/48-இல் அது 0.125 மில்லிமீட்டர்தான். அதனால் 0.10 அல்லது 0.12 என்று போட்ட நரம்பைக் கேட்டு வாங்குங்கள், அதற்கு மேல் போனால் துணி காயப்போடும் கொடி மாதிரித் தெரியும்.

மலையில் இருப்பவர்கள் இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகள் நமக்கு அப்படியே பொருந்தாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். லாக்கர் வகை பெயின்ட் அடித்தால் அதிலிருக்கும் திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே மழை மாதங்களில் வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது மட்டும் செய்யுங்கள். பெயின்டை ஜனவரிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பனி விலகி வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணியிலிருந்து மதியம் வரைதான் நல்ல நேரம். மூடுபனி ஜன்னலுக்கு வந்துவிட்டால் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

ஸ்ப்ரே டப்பா குளிர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து துளித்துளியாகத் துப்பும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தி வைத்துவிட்டு அடித்தால் சீராக வரும். அடுப்பின் மேலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்துச் சூடாக்கவே கூடாது. குளிருக்குக் கதவை எல்லாம் சாத்திவிட்டு, அறையில் கணப்பையும் மூட்டிவிட்டு, தின்னர் டப்பாவைத் திறப்பதும் வேண்டாம். அந்த ஆவி தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஃபெவிக்விக் இறுகுவதே காற்றிலுள்ள ஈரத்தால்தான். நான் முன்பு கட்டிய ஒரு விமானத்தின் முன்கண்ணாடியை மழை நாள் ஒன்றில் ராத்திரி அதை வைத்தே ஒட்டிவிட்டு, டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெண்புகை படிந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து அப்படிப் படியும், நம் ஊரில் இன்னும் சீக்கிரம். அதிலிருந்து கண்ணாடி பாகங்களுக்கு ஃபெவிகால் மட்டும்தான் வைக்கிறேன், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

உடல்

காக்பிட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இரண்டு இருக்கை, ஒன்றின் பின் ஒன்று. பெயின்ட் அடித்து, பெல்ட் ஒட்டி, உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துவிடுங்கள். சிமென்டைத் தூரிகையால் இணைப்புக் கோட்டில் தொட்டால் தானாக உள்ளே ஓடும், பிழிந்து ஊற்ற வேண்டியதில்லை. குளிரில் மெதுவாகத்தான் இறுகும், ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு இணைப்புக் கோட்டை வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

தேய்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: இது துணி போர்த்திய விமானம். உள்ளே எஃகுக் குழாயும் மரமும், மேலே துணி. இறக்கையில் லேசாக மேடு மேடாகத் தெரிவது துணிக்குக் கீழே விலா எலும்பு மாதிரி இருக்கும் சட்டங்கள், அதைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. பின்னால் பழசாக்கிக் காட்டுகிறேன் என்று இறக்கையில் பெயின்ட் உரிந்து வெள்ளி உலோகம் தெரிவதுபோல் செய்வதும் தப்பு, துணியில் ஏது உலோகம்?

கீழ் இறக்கையையும் வாலையும் இப்போதே ஒட்டிவிடுங்கள். மேல் இறக்கையை மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், ஒட்டியதில் பிழை என்று பதற வேண்டாம். 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தில், முன் இருக்கையில் இருப்பவர் பாரசூட்டோடு வெளியே குதிக்க மேல் இறக்கை இடைஞ்சலாக இருந்தது. அதன் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதால் கெட்ட சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். அந்தச் சாய்வுதான் டைகர் மாத்தின் முகமே.

துளையும் பெயின்டும்

பெயின்டுக்கு முன்பே எல்லாத் துளைகளையும் போட்டுவிட வேண்டும். மேல் இறக்கையின் அடிப்பக்கத்தில் தாங்குகால் சேரும் இடத்தை ஒட்டி, பாதி ஆழம் மட்டும் (மறுபக்கம் வந்துவிடக் கூடாது). கீழ் இறக்கையில் அதே இடங்களிலும் உடலை ஒட்டிய அடியிலும் முழுசாக ஊடுருவும்படி. ஊசிமுனையால் முதலில் ஒரு குழி குத்திக்கொண்டால் பிட் வழுக்காது.

பயிற்சி விமானங்களின் மஞ்சள்தான் டைகர் மாத்துக்கு அழகு. இந்திய விமானப்படை தன் டைகர் மாத் ஒன்றைச் சீரமைத்து 2012-இல் மறுபடி பறக்கவிட்டது, அதுவும் மஞ்சள்தான். ஆனால் மஞ்சள் பெயின்டுக்கு மறைக்கும் சக்தி குறைவு, சாம்பல் பிளாஸ்டிக் மேல் நேரே அடித்தால் பச்சை தட்டும். முதலில் வெள்ளை, அது நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய மஞ்சளை மூன்று நான்கு தடவை. மேல் இறக்கையைத் தனியாக ஒரு குச்சியில் பிடித்து அடியுங்கள். தாங்குகால் சேரும் குழிகளில் பெயின்ட் இருந்தால் சிமென்ட் பிடிக்காது, பிளேடு முனையால் சுரண்டிவிடுங்கள்.

காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம், எழுத்துப் படங்கள்). வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்து, தாள் மேல் அது தானாக நகரும்வரை காத்திருந்து, பிறகு இறக்கை மேல் நழுவவிடுங்கள். சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாக மின்னும், அதற்காகத்தான் வார்னிஷ்.

மேல் இறக்கை

இறக்கையை ஏற்றும் முன் எல்லா நூலையும் அதன் அடியில் இருக்கும் துளைகளில் கட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் நீளம். நுனியை ஃபெவிக்விக்கில் லேசாகத் தொட்டு, துளையில் நிறுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் இறக்கையைத் திருப்பினால் தாடி மாதிரித் தொங்கும். இடது வலது கலந்துபோகாமல் தனித்தனியாகச் சுருட்டி டேப் போட்டு வையுங்கள்.

அடுத்து, இறக்கை உட்கார ஒரு மேடை. உடலை மேஜையில் அசையாமல் நிறுத்தி, கீழ் இறக்கையின் இரு பக்கத்திலும் தீப்பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் அட்டைத் துண்டுகள் வைத்து, தாங்குகாலின் உயரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்தேன். இறக்கையின் எடையைத் தீப்பெட்டி தாங்கும், நம் கை இரண்டும் தாங்குகால்களைக் குழியில் உட்காரவைக்க மட்டும். முதலில் நடுவில் உடலோடு சேரும் கால்கள், அவை இறுகியபின் வெளிப்பக்கம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கால்கள்.

சிமென்ட் இறுகும் முன் எதிரே போய் நின்று பாருங்கள், இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அக்கா மகள் வந்தாள். எட்டாவது படிக்கிறாள், மேஜை உயரத்துக்குக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "மாமா, கதவுப் பக்கம் இறங்கியிருக்கு" என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஒரு நூலை எடுத்து இறக்கை நுனியிலிருந்து வாலின் உச்சிவரை இரண்டு பக்கமும் அளந்தோம், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அந்தப் பக்கம் ஒரே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினோம், சரியாகிவிட்டது. இந்த நூல் அளவை நீங்களும் கட்டாயம் எடுங்கள். பிறகு ஒரு ராத்திரி முழுக்கத் தொடவே தொடாதீர்கள்.

கம்பி

எந்தக் கம்பி எங்கே போகிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், வேலையைப் புரிந்துகொண்டால் போதும். பறக்கும்போது இறக்கை மேலே வளையப் பார்க்கும், அதை இழுத்துப் பிடிக்க மேல் இறக்கையின் வெளிப்பக்கத்திலிருந்து உடலின் அடிக்கு வருபவை ஒரு வகை. தரையில் நிற்கும்போது இறக்கை தன் எடையால் தொங்கப் பார்க்கும், அதைத் தூக்கிப் பிடிக்க மேல் நடுப்பகுதியிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பக்கத்துக்குப் போபவை இன்னொரு வகை.

உள்ளிருந்து வெளியே வாருங்கள். இடது பக்கம் ஒன்று கட்டினால் அடுத்தது வலது பக்கம் அதே இடத்தில். ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டு போனால் இறக்கை அந்தப் பக்கம் இழுபடும். நூலைச் சாமணத்தால் பிடித்துக் கீழ்த் துளையில் நுழைத்து, அடியில் வெளியே இழுத்து, நுனியில் ஒரு துணி கிளிப்பை மாட்டித் தொங்கவிடுங்கள். கிளிப்பின் எடையே போதும், நூல் நேராக நிற்கும். ஊசிமுனையில் ஒரு பொட்டு ஃபெவிக்விக் எடுத்து அடியிலிருந்து துளையில் தொடுங்கள். கால் மணி நேரம் கழித்து நூலைப் பிளேடால் ஒட்ட நறுக்கி, துளையை மஞ்சளால் மூடிவிடுங்கள்.

ஒன்றிரண்டு நூல் தளர்ந்துதான் போகும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, சுடரை அணைத்து, அந்தத் தணலை நூலுக்குக் கிட்டத்தில், ஆனால் தொடாமல், மெதுவாக ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நகர்த்துங்கள். தொய்ந்திருந்த நரம்பு கண்முன்னே சுருங்கி விறைக்கும். தொட்டால் அறுந்துவிடும், இறக்கையின் அருகே நிறுத்தினால் பிளாஸ்டிக் இளகிவிடும். அதனால் முதலில் மீந்த நூலை இரண்டு குச்சிக்கு நடுவே கட்டி நாலைந்து முறை பழகிக்கொள்ளுங்கள். பளபளவென்று மின்னும் நரம்புக்கு அடர் சாம்பல் பெயின்டை மெல்லிய தூரிகையால் ஒரு முறை இழுத்தால் கம்பியாகவே ஆகிவிடும்.

கடைசியில் சக்கரம், புரொப்பல்லர், இரண்டு குட்டிக் கண்ணாடிகள். எல்லாம் உறுதியானதும் மங்கலான வார்னிஷ் ஒரு தடவை, அதன் பிறகு கண்ணாடியை ஃபெவிகாலில் ஒட்டுங்கள், முன்பே ஒட்டினால் வார்னிஷ் அதையும் மங்கடித்துவிடும். வைக்க மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஜூன் மழை ஆரம்பிக்கும்போது அந்தப் பொட்டலங்களை மாற்றிவிடுங்கள்.